வேம்பார் போய் வந்த சனிக்கிழமை

போன மாசியில் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கிளம்பும்போது என் மகள், "அம்மா, இங்க இருந்து கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். அவள் பிறந்து வளர்ந்தது திருப்பூரில். ஒன்றரை மணி நேரம் என்றேன். அவள்தான் வண்டி ஓட்டினாள். எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளமும் தாண்டியதும் ரோட்டோரம் மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தார்கள். கரிசல் மண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பை நீங்கள் பார்த்ததில்லை என்றால், கறுப்புச் சேலைக்குச் சிவப்புக் கரை வைத்ததுபோல் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மகள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு போனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கதவு திறந்ததும் காரம் உள்ளே வந்தது. நாலு தும்மல் தும்மினேன்.

தும்மல் நின்ற பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. சீட்டில் இந்தப் பக்கம் நகர்ந்தேன், அந்தப் பக்கம் நகர்ந்தேன். அவள் அதற்குள் நாற்பது படமாவது எடுத்திருப்பாள். "நீயும் வந்து நில்லும்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் "போவோம்டி, போவோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்படி என்னம்மா அவசரம்?" என்றாள். ஒரு அவசரமும் இல்லை. அதே ரோட்டில் நான் ஒரு தடவை ஒரு காரைக் கரிசலுக்குள் இறக்கியிருக்கிறேன். அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கோவில்பட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அப்பாவுக்கு பஜாரில் பலசரக்கு மொத்தக் கடை. நான் வேலைக்குப் போனது சம்பளத்துக்காக இல்லை. பகல் முழுக்க என்னை வீட்டில் வைத்துச் சமாளிக்க அம்மாவால் முடியவில்லை, அதனால். எனக்குச் சும்மா இருக்க வராது. சாப்பிட உட்கார்ந்தால் கால் ஆடும். கோயிலுக்குப் போனால் தீபாராதனை முடிவதற்குள் செருப்புப் பக்கம் நிற்பேன். "ஏட்டி, காலை ஆட்டாத. போற எடத்துல என்ன நெனப்பாவ?" என்பாள் அம்மா. போகிற இடம் என்றால் மாமியார் வீடு. அது யார் வீடு என்பதும் அந்த மாசியில் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. சாத்தூர்ப் பக்கமிருந்து பெண் பார்க்க அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். ஆபீஸ் என்றுதான் ஊரில் சொல்வோம், மேஜை நாற்காலியெல்லாம் கிடையாது, தீப்பெட்டி செய்கிற இடம். காற்று திரும்பினால் மருந்து வாடை வகுப்புக்குள் வரும். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. நோட்டைத் திருத்த எடுத்தால் நோட்டிலும் அந்த வாடை. மற்ற வாய்ப்பாடெல்லாம் தடுமாறும், பன்னிரண்டாம் வாய்ப்பாடு மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் டஜன் டஜனாய் அடுக்குவதைப் பார்த்தே வந்துவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன்? ஆமாம், ஸ்டாஃப் ரூம். அந்த ஸ்டாஃப் ரூமில்தான் ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரஹ்மத் டீச்சரிடம் சொன்னேன், "டீச்சர், நான் இன்னும் கடல் பாத்ததில்ல."

ரஹ்மத் டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். சயின்ஸ் டீச்சர். வீட்டுக்காரருக்கு பஜாரில் ஜவுளிக்கடை. குரல் உயர்த்தவே மாட்டார்கள், ஆனால் ஹெட்மாஸ்டரே அவர்கள் பேசும்போது எழுந்து நிற்பார். "கல்யாணம் ஆயிட்டா அங்கன கூட்டிட்டுப் போவாவ, இங்கன கூட்டிட்டுப் போவாவன்னு இருக்காத. அப்பிடி இருந்தவளுவ பாதிப் பேரு இன்னும் அப்பிடியேதான் இருக்காளுவ. வார சனிக்கிழமை போவோம்" என்றார்கள். பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர் ஜெயராணி, "நானும் வாரேன்" என்றாள். ஜெயராணி தினமும் மணியாச்சியிலிருந்து ரயிலில் வந்து போகிறவள். அவள் அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை.

வீட்டில் கடல் என்று சொன்னால் விட மாட்டார்கள். மூன்று பெண்கள் மட்டும், அதுவும் பெண் பார்க்க வருகிற நேரத்தில், வெயிலில் கறுத்துப்போய் வருவதற்கா? "கழுகுமலைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்திருவோம்" என்று சொன்னேன். கோயில் என்றதும் அம்மா தலையாட்டிவிட்டாள். அப்பா கடைக்குக் கிளம்பிக்கொண்டே, "வண்டி யாரோடது?" என்று மட்டும் கேட்டார். "செல்லையா அண்ணாச்சி." அதற்கு மேல் கேட்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்த செல்லையா அண்ணாச்சியை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பொய் முழுப் பொய்யாய் இருக்கக் கூடாது என்று ரஹ்மத் டீச்சர் நிஜமாகவே முதலில் கழுகுமலைக்குத்தான் போகச் சொன்னார்கள். அவர்கள் தம்பி மலேசியாவிலிருந்து அனுப்பிய கேமரா ஒன்று கழுத்தில் தொங்கியது. முப்பத்தாறு படம் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மந்திரிசபைக் கூட்டம் நடக்கும். பாறையில் குடைந்த கோயிலின் முன்னால் ஜெயராணி கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "பையைக் கீழ வை" என்றார்கள் டீச்சர். "டீச்சர், பை புதுசு" என்றாள் அவள். பையோடு ஒன்று, பையில்லாமல் ஒன்று எடுத்தோம். மலை மேலே பாறையில் வரிசை வரிசையாய்த் தீர்த்தங்கரர்கள், காலை மடித்து, கையை மடியில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரம் வருடமாய் ஒரே இடத்தில் எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று எனக்கு மூச்சு முட்டியது. "டீச்சர், போவோமா?" என்றேன். வந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"ஒனக்கு இவிய பக்கத்துல எடம் போட்டுக் குடுத்தாலும் ரெண்டு நிமிசத்துல எந்திரிச்சி ஓடிருவ" என்று டீச்சர் சிரித்தார்கள்.

ஆனால் அவசரப்பட்டு நான் ஒன்றை மறந்துவிட்டேன். கழுகுமலை ஊருக்கு மேற்கே. கடல் கிழக்கே. கடலுக்குப் போக வேண்டுமென்றால் திரும்பவும் கோவில்பட்டிக்குள் நுழைந்து, பஜார் வழியாக, அப்பா கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோதுதான் உறைத்தது. பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயராணி தன் துண்டை எடுத்து என் தலை மேல் போட்டாள். பஜாரில் வண்டி ஊர்ந்தது. கடலை மிட்டாய்க் கடையில் பாகு காய்கிற வாசனை வந்தது. அப்படியானால் அப்பா கடைக்கு இன்னும் நாலு கடைதான். ஒரு சைக்கிள் மணி, ஒரு லாரிக்காரன் ஏச்சு, அப்பா யாரையோ "சீக்கிரம் ஏத்துலே" என்று விரட்டுகிற குரல். எல்லாம் தரைக்கு மேலே எங்கேயோ கேட்டது. செல்லையா அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே, "பாப்பா, கடை தாண்டியாச்சு, எந்திரிங்க" என்றார். அப்பாவுக்குத் தெரியாது என்று அவரிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

எட்டயபுரத்தில் இறங்கவில்லை. விளாத்திகுளத்தில் ஆளுக்கொரு கலர் குடித்தோம், நான் நின்றுகொண்டே. அதற்கப்புறம் கரிசல், பருத்தி, வத்தல், தூரத்தில் பனை. பனை கூடக் கூடக் காற்று மாறியது. வேம்பாரில் ஒரு மணல் மேட்டில் ஏறினோம்.

கடலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் புதிதாக என்ன சொல்ல. எனக்குத் தோன்றியது இதுதான். அது ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. யாரும் அதைக் காலை ஆட்டாதே என்று சொல்லவும் இல்லை. முட்டளவு தண்ணீரில் நின்றேன். காலுக்கடியில் மணல் ஓடிக்கொண்டே இருந்தது. புளியோதரையைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருப்போம். "போவோமா?" என்று முதலில் கேட்டது அன்றைக்கு ரஹ்மத் டீச்சர். ஜெயராணிக்குச் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும்.

திரும்பும்போது முன் சீட்டில் நான் உட்கார்ந்தேன். ரோடு நேராய்க் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை. அண்ணாச்சி கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்ன பாப்பா, ஓட்டுதியளா?" என்று விளையாட்டுக்குக் கேட்டார்.

"ஓட்டுதேன்."

அவர் வண்டியை நிறுத்தினார். பின்னால் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர், "குடுங்க அண்ணாச்சி. எதுக்க யாரும் வரல" என்றார்கள். அண்ணாச்சி இடப்பக்கம் மாறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டார். கிளட்ச்சு, பிரேக்கு, ஆக்ஸிலேட்டரு என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். வண்டி இரண்டு தடவை குதித்து நின்றது. மூன்றாவது தடவை நகர்ந்தது. நகர்ந்தது என்று இப்போது சொல்கிறேன், அப்போது எனக்குப் பறந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். ஸ்டியரிங் கனமாய், சூடாய் இருந்தது. திருப்பினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்பும். டீச்சர் நிறுத்தச் சொல்லி இறங்கினார்கள். "நான் முன்னால போயி நிக்கேன். நீ என்னைத் தாண்டி ஓட்டிட்டுப் போ. படம் எடுக்கேன்."

அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் வத்தல் களம். ரோட்டில் பாதி வரைக்கும் பரத்தியிருந்தார்கள். நான் டீச்சரைப் பார்த்தேன், கேமராவைப் பார்த்தேன், வத்தலைப் பார்க்கவில்லை. "பாப்பா, வத்தலு!" என்று அண்ணாச்சி கத்தியதும் ஸ்டியரிங்கை ஒடித்தேன். முன் சக்கரம் வத்தல் ஓரத்தை அரைத்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கியது. கரிசல் வெயிலில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் சக்கரம் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணாச்சி ஹேண்ட் பிரேக்கை இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வேலி மர நிழலிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தாள். "கண்ணு அவிஞ்சா போச்சி? ஆறு மாசப் பாடுலே இது!" என்று அண்ணாச்சியைப் பார்த்துத்தான் ஏசிக்கொண்டு வந்தாள். கிட்டே வந்ததும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, நீயா ஓட்டுன?"

தலையை ஆட்டினேன்.

"ஏளா, இங்கன வாங்களா! ஒரு பொம்பளப் புள்ள காரைக் கொண்டாந்து காட்டுக்குள்ள விட்டிருக்கு!"

ஐந்தாறு பெண்கள் வந்துவிட்டார்கள். தங்களுக்குள் தெலுங்கில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான், புரியாமல் போனதே நல்லது. அவர்களும் நாங்களுமாய்ச் சேர்ந்து தள்ளினோம். வெடிப்பில் கல்லைப் போட்டு, சாக்கைப் போட்டு, வண்டி மேலே ஏற ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் எல்லோரும் குந்தி உட்கார்ந்து சிதறிய வத்தலைப் பொறுக்கினோம். நசுங்கிப்போனதைத் தனியாய்க் குவித்துவிட்டு அந்த அம்மா, "இது வீட்டுக் கொழம்புக்கு ஆகும், அழாத" என்றாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. கண்ணைத் துடைத்தேன். வத்தல் பொறுக்கிய கையால்.

ஊருக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ஜெயராணியின் ரயில் போய்விட்டது. ரயில்வேக்காரர் மகள் என்பதால் ஸ்டேஷன் போனிலேயே மணியாச்சிக்குத் தகவல் சொல்லிவிட்டு டீச்சர் வீட்டில் தங்கினாள். என் கண் இரண்டும் கோவைப்பழமாய் வீங்கியிருந்தது. அப்பா அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்.

"கண்ணு என்ன?"

"மலை மேல காத்துப்பா. மண்ணு விழுந்திருச்சி."

அம்மா விளக்கெண்ணெய் விட்டாள்.

வெள்ளிக்கிழமை பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்றார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நானும் அன்றைக்குக் காலை ஆட்டாமல் இருந்தேன். கலர் ரோலை எங்கள் ஊர் ஸ்டூடியோவில் மதுரைக்கு அனுப்பித்தான் கழுவுவார்கள். பத்து நாளில் படம் வந்தது. ஆளுக்குப் பன்னிரண்டாய்ப் பிரித்துக்கொண்டோம். நான் கார் ஓட்டுகிற படம் ஒன்றே ஒன்றுதான், வத்தலில் ஏறுவதற்குக் கொஞ்சம் முந்தி எடுத்தது. அந்தச் சின்னப் படத்தில் கறுப்பாய் நிலம், சிவப்பாய்க் களம், நடுவில் வெள்ளைக் கார், அதில் நெல்லளவுக்கு ஒரு முகம். அதை ஒரு நோட்டு அட்டைக்குள் ஒளித்து வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் ஜெயராணி ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாய் வந்தாள். "ஒன்னய ஸ்டூடியோ வாசல்ல பெருசாக்கி மாட்டியிருக்கான்!"

மத்தியான மணி அடித்ததும் ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு கல்யாண ஜோடிக்கும் குப்புறக் கிடக்கிற ஒரு குழந்தைக்கும் நடுவில், நான். முழங்கை நீளத்துக்கு. அப்பா சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதும் போவதும் அந்த வழிதான். நான் படத்தையே சரியாய்ப் பார்க்கவில்லை. என்னை யாரும் பார்க்கிறார்களா என்று ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூடியோக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர், இருவத்தஞ்சு வருசமா படம் எடுக்கேன், இப்பிடி ஒண்ணு எனக்கு அமையல. எடுத்த அம்மாட்ட கேட்டுத்தான் நெகட்டிவ வாங்கினேன்."

"அண்ணாச்சி, ஒங்களக் கும்பிடுதேன், கழட்டிருங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சாவி வீட்டுல இருக்கு. சாயங்காலம் கழட்டிருதேன்."

மத்தியானம் முழுக்க ரஹ்மத் டீச்சரோடு சண்டை. "யாரைக் கேட்டுக் குடுத்திய?" என்று கத்தினேன். அவர்கள் அசரவில்லை. "நீ என்ன களவா எடுத்த? வண்டிதான ஓட்டுன?" என்றார்கள். நெகட்டிவைக் கேட்டேன். ஸ்டூடியோவிலிருந்து திரும்ப வாங்கிப் பையில்தான் வைத்திருந்தார்கள். கொடுத்தார்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் கிராஃப்ட் கத்தரிக்கோலால் வெட்டித் துண்டு துண்டாக்கினேன். நோட்டு அட்டைக்குள் இருந்த சின்னப் படத்தையும் கிழித்தேன். டீச்சர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "போதுமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

சாயங்காலம் கண்ணாடிப் பெட்டியில் அந்த இடம் காலியாக இருந்தது. நிம்மதியாய் மூச்சு விட்டேன். ஸ்டூடியோக்காரர் வெளியே வந்தார். "நானாக் கழட்டல டீச்சர். சாவிய எடுத்துட்டு வந்தா வாசல்ல நிக்காவ. ஒங்க அப்பா வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ."

அன்றைக்கு வீட்டுக்கு நான் எப்படி நடந்து போனேன் என்று நினைவில்லை. அப்பா சாப்பிட்டார், ரேடியோ கேட்டார், படுத்தார். மறுநாளும் அப்படியே. ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போவேன், அங்கேயும் நிற்க முடியாமல் கொல்லைக்குப் போவேன். சாத்தூர்க்காரர்கள் இந்த இடம் ஒத்துவராது என்று சொல்லி அனுப்பினார்கள். படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்களா, வேறு காரணமா, கடைசிவரை தெரியவில்லை. அம்மா இரண்டு நாள் அழுதாள். அப்பா வழக்கம்போல் கடைக்குப் போய் வந்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அந்த வண்டில பிரேக்கு எங்கன இருக்கு?"

காபி டம்ளரோடு நின்றுவிட்டேன். "நடுவுலப்பா."

"ஆக்ஸிலேட்டரு?"

"வலது பக்கம்."

"ம்." பேப்பரைத் திருப்பினார். "கழுகுமலைன்னு சொன்னது தப்பு. அம்மாட்ட நெசத்தச் சொல்லிரு."

அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அப்புறம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டாள். இரண்டு வருடம் கழித்து எனக்குத் திருப்பூரில் கல்யாணம் ஆனது. அதற்கப்புறம் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யாரும் தடுக்கவில்லை, எப்படியோ தொடவில்லை.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. பதினாறாம் நாள் முடிந்ததும் அவர் பீரோவை ஒதுக்கினோம். கடை லைசென்ஸ், லாரி ரசீதுக் கட்டு, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அம்மாவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் இருந்தன. படம் இல்லை. கிழித்தாரா, கடையிலேயே வைத்திருந்து கடை கைமாறியபோது போய்விட்டதா, தெரியாது. ஒரு தடவை நானே அவரிடம் கேட்டிருக்கிறேன். "எந்தப் படம்?" என்றார்.

போன மாசியில் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. அதை வைத்திருக்கிற பையனுக்கு அங்கே ஒரு ஸ்டூடியோ இருந்ததே தெரியவில்லை. செல்லையா அண்ணாச்சியும் இல்லை, ஸ்டேஷன் பக்கம் ஒரு அம்பாசிடரும் இல்லை.

திருப்பூர் வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரஹ்மத் டீச்சருக்குப் போன் போட்டேன். இப்போது மகளோடு திருநெல்வேலியில் இருக்கிறார்கள். அதையும் இதையும் பேசிவிட்டு, "டீச்சர், அந்தப் பெரிய படத்துல நான் எப்பிடிச் சிரிச்சிக்கிட்டு இருந்தேன், ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"சிரிச்சியா? நீயா?" என்றார்கள். "பல்லைக் கடிச்சிக்கிட்டு, கண்ணு ரெண்டும் வெளிய வந்து, செத்துப் போவப் போறவ மாதிரில்லா இருந்த. கும்பிடப் போற மாதிரி ஸ்டியரிங்கப் புடிச்சிருந்த. சின்னப் படத்துல தெரியல. பெருசாக்கின பெறகுதான் தெரிஞ்சிது. அதுக்காகத்தான் ஸ்டூடியோக்காரருக்குப் புடிச்சிது."

இத்தனை வருடமாய் அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தலைமுடி பறக்க, வாய்விட்டு. அப்படியொரு முகத்தைக் கண்டு கோபப்பட்டுத்தான் அப்பா அன்றைக்குப் பேசாமல் இருந்தார் என்று நினைத்திருந்தேன். பயந்துபோன பிள்ளையின் முகத்தை முழங்கை நீளத்தில் சுருட்டி எடுத்துக்கொண்டு பஜார் வழியாக நடந்து வந்திருக்கிறார். பிரேக்கு எங்கே இருக்கிறது என்று கேட்க அவருக்கு அத்தனை நாள் ஆகியிருக்கிறது. நான் பதில் சொன்னபோது பேப்பருக்குப் பின்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வேகமாய் உள்ளே போய்விட்டேன்.